நெலிதாவின் முன்சீட்டு

நான் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, நெலிதா பின்கதவைத் தானே திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்றால் சாந்தா ரோசாவில் அவள் வீட்டு வாசலில் என் கார் நிற்கும். வெந்நீர் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவாள். நெவ்கெனில் இருக்கும் மகள் வீடுவரை, அந்த நாள் முழுக்கப் பேசிக்கொண்டே போவோம். இன்று என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பின்சீட்டில் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்து, ஃபிளாஸ்க் இருந்த துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டாள். திறந்த கதவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தூசி தட்டுகிறவன்போல் முன்சீட்டை இரண்டு தட்டு தட்டிவிட்டு மூடினேன்.

எங்கள் பக்கத்தில் வாடகைக் காரில் தனியாக வருகிறவர்கள் முன்னால்தான் உட்காருவார்கள். பின்னால் ஏறினால் ஒன்று வெளியூர்க்காரர், இல்லையென்றால் ஓட்டுகிறவனை வேலைக்காரனாக நினைக்கிறவர். ஆனால் நெவ்கென் போகும் வழியில் அது வெறும் மரியாதை விஷயம் இல்லை. பாதி வழியில் ஒரு சாலை ஆரம்பிக்கும். அர்ஜென்டினா வரைபடத்தில் யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இருக்கும். வளைவு கிடையாது, மேடு கிடையாது, இரண்டு பக்கமும் ஆள் உயர முள்புதர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் தனியாக ஓட்டினால் தூக்கம் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முன்சீட்டில் இருக்கிறவருக்கு ஒரு வேலை உண்டு. சுரைக்குடுவையில், தேயிலைபோல் கசக்கும் மாத்தே இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சுகுழலை ஓட்டுகிறவன் பக்கம் திருப்பி நீட்ட வேண்டும். அவன் குடித்துத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி ஊற்ற வேண்டும். இடையில் வாயை மூடக் கூடாது.

இந்த வேலையில் நெலிதாவை மிஞ்ச ஆள் இல்லை. முதல் பயணத்திலேயே, கால் எட்டவில்லை என்று சீட்டை நன்றாக முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டாள். குள்ளம். அதற்குப் பிறகு அந்தச் சீட்டை நான் நகர்த்தவே இல்லை. மற்றவர்கள் கேட்டால் லீவர் இறுகிவிட்டது என்பேன். முழங்காலை மடக்கிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டே வருவார்கள். வரட்டுமே.

ஊர் தாண்டும்வரை நான் என் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். போன மாதம், "அந்த நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். வயது அறுபதை நெருங்குகிறது, மனைவி பிரிந்துபோய்ப் பல காலம் ஆகிறது, வீட்டில் என்னோடு பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். இருந்தும் வாயை அடக்கத் தெரியவில்லை. மாதம் முழுக்க நடப்பதையெல்லாம் நான் இந்த ஒரு நாளுக்காகச் சேர்த்து வைப்பேன். பக்கத்து வீட்டு நாய் பால்காரரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடியதுகூட நெலிதாவிடம் சொல்லத்தான். எனக்கு வேறு ஆள் இல்லை. இதைச் சொல்ல வெட்கமும் இல்லை.

"காத்து வேணுமா, சென்யோரா? கண்ணாடியை இறக்கட்டுமா?"

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

சாலையோரத்தில் சிவப்புக் கொடிகள் கட்டிய சின்னக் கோயில் வந்தது. அதைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பது எங்கள் வழக்கம். நான் மறந்தாலும் அவள் நினைவுபடுத்துவாள். இன்று நானும் மறந்தேன், அவளும் ஒன்றும் சொல்லவில்லை. தாண்டிப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது.

நேர்ச்சாலை தொடங்கும் இடத்தில் பெட்ரோல் பங்க். அங்கேதான் நாங்கள் வழக்கமாகச் சாப்பிடுவோம். நெலிதா பசியில்லை என்று காரிலேயே இருந்துவிட்டாள். நான் நின்றபடி ஒரு ரொட்டியை விழுங்கினேன். கண்ணாடி துடைக்க வந்த ராமிரோவுக்கு நாக்கில் நரம்பு கிடையாது.

"என்ன எல்வியோ, அம்மா இன்னைக்கு மந்திரி மாதிரி பின்னாடி உக்காந்திருக்காங்க. சண்டையா?"

"உன் வேலையைப் பாரு."

"அப்போ சண்டைதான்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

சாலை நீண்டது. வெயில் தாரில் உருகித் தண்ணீர்போல் தெரிந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரேடியோவைப் போட்டால் வெறும் இரைச்சல். எனக்குள்ளேயே பேச முயன்றேன். நாய் கதையை மனதில் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், கேட்க ஆளில்லாமல் அது சப்பென்று இருந்தது. புதர்கள் ஒரே சீராக வந்து போயின, வந்து போயின. பிறகு டயருக்கு அடியில் சரளைக்கல் தெறிக்கும் சத்தமும், அதற்கு மேல் "எல்வியோ" என்ற குரலும் கேட்டன. கார் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றது. என் தோள் சட்டையை அவள் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவள் இறங்கினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து, முன்கதவைத் திறந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூங்கிட்டீங்க."

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. உங்க கண்ணு சொக்குறதைக் கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வந்தேன். கூப்பிடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறதுக்குள்ள..." குடுவையில் இலையைப் போட்டாள்.

அவள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகுவதற்குள் கேட்டுவிட்டேன். "நீலச் சட்டை பத்திச் சொன்னதுல கோவமா?"

"எந்தச் சட்டை?" என்றவள், நினைவு வந்ததும் சிரித்துவிட்டாள். "அட மனுஷா. காலையில இருந்து அதையா நினைச்சுக்கிட்டு வரீங்க?"

"பின்ன வேற என்ன?"

வெந்நீரை ஊற்றினாள். முதல் குடுவையைத் தானே குடித்தாள். அடுத்ததை நிரப்பியவள் என்னிடம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நான் திரும்பி வரல, எல்வியோ. இனிமே மகளோடதான். சாமான் எல்லாம் செவ்வாய்க்கிழமையே லாரியில போயிடுச்சு. வீட்டை ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போயிருக்காங்க, இன்னும் விக்கல." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்னாடி உக்காந்தா பேசுவேன். பேசினா இதைச் சொல்ல வேண்டி வரும். சொன்னா போகாதீங்கன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். சொல்லாம விட்டுடுவீங்களோன்னும் பயம். பின்னாடி உக்காந்துட்டா ரெண்டும் நடக்காதுன்னு பாத்தேன்."

குடுவையை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். நாக்கு சுட்டது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் யாருக்கும் வாய்க்காது. சுற்றிலும் ஒரு ஈ காக்காய் கிடையாது. ஆனால் போகாதீங்க என்றால், அடுத்த கேள்வி எதற்காக என்று வரும். ஒரு பழைய காரும், தொலைக்காட்சி ஓடுகிற வீடும், நானும். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு இதற்காக வா என்று எந்த முகத்தோடு கேட்பது? காரைப் பின்னுக்கு எடுத்துச் சாலையில் ஏற்றினேன். பிறகு நாய் கதையைச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், குடுவையை நிரப்பி நிரப்பிக் கொடுத்தாள்.

நெவ்கெனில் மகள் மரிசா வாசலிலேயே நின்றிருந்தாள். பேரப்பிள்ளைகள் பைகளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நெலிதா இறங்கி, கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வேண்டிய அளவுக்கு நின்றாள், அதில் நான் குறை சொல்ல முடியாது.

"பாத்துப் போங்க, சென்யோரா" என்றேன்.

"எங்க போறது? நான்தான் வந்து சேந்துட்டேனே." ஃபிளாஸ்க்கையும் குடுவையையும் முன்சீட்டில் வைத்தாள். "நீங்கதான் போகணும். தனியா போகாதீங்க. யாரையாவது ஏத்திக்கோங்க."

கதவை அவள் எப்போதும் மெதுவாகத்தான் சாத்துவாள். அன்றும் அப்படித்தான் சாத்தினாள்.

மறுநாள் திரும்பும்போது, நேர்ச்சாலையின் நெவ்கென் பக்கத்து முனையில் இருந்த கடையில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற ஆள் சாந்தா ரோசாவரை வரலாமா என்று கேட்டான். எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறவன், ஒட்டகம்போல் உயரம். ஏறி உட்கார்ந்ததும் முழங்கால் இரண்டும் அவன் தாடையைத் தொட்டன.

"சீட்டு பின்னால போகாதா, அண்ணே?"

"லீவர் இறுகிப்போச்சு."

"நான் மெக்கானிக்தான்." நான் தடுப்பதற்குள் குனிந்து லீவரை இழுத்தான். சீட்டு சறுக்கிக்கொண்டு பின்னால் போய், க்ளக் என்று நின்றது. "ஒண்ணுமே இல்லையே. எண்ணெய் போட்ட மாதிரி போகுது" என்று காலை நீட்டினான். சீட்டு மறைத்திருந்த இடத்தில் உப்பு பிஸ்கட் தூளும், ஒரு கொண்டை ஊசியும் கிடந்தன.

அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினேன். பிறகு ஓரமாக நிறுத்தினேன்.

"தம்பி, அதைப் பழையபடி முன்னால தள்ளிடுங்க."

"அப்போ நான் எங்க உக்கார?"

"பின்னால."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். இருந்தாலும் ஓசிப் பயணம், தள்ளிவிட்டுப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். ஃபிளாஸ்க்கை முன்சீட்டில் நிமிர்த்தி வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினேன். சாலை எனக்கு முன்னாலும் கண்ணாடியிலும் ஒரே மாதிரி நீண்டு கிடந்தது. முள்புதர்கள் வந்து போயின, வந்து போயின. கண் சொக்க ஆரம்பித்தபோது வாய்விட்டுச் சொன்னேன்.

"போகாதீங்க."

பின்சீட்டில் அவன் புரண்டு படுத்தான். "நான் எங்கண்ணே போறது? நீங்கதானே ஓட்டுறீங்க."

"உங்ககிட்ட சொல்லல. தூங்குங்க."

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. முன்சீட்டில் ஃபிளாஸ்க், சாலையின் ஒவ்வொரு அதிர்வுக்கும் பெல்ட்டுக்குள் லேசாக அசைந்துகொண்டு வந்தது.