டபுள் கிளிக்கில் வந்த முகம்

1
இந்தக் கதை மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுக ஊரான தகொராடியில், நான் பில் போடும் அச்சகத்தில், அங்கே கணினி வேலை பார்க்கும் அராபாவின் ஸ்கிரிப்டை, அதாவது அவள் எழுதிய நிரலை, படித்துப் பார்த்தபோது தொடங்கியது. முதல் வரியாக இப்படி எழுதினேன்:

கடல் அன்று சாம்பல் நிறத்தில்

(வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை.)

அராபா ஓடினாள்.

(இது இருக்கட்டும். ஆனால் காரணம் சொல்லாமல் அவளை ஓடவிடக் கூடாது.)

2
அராபா எழுதிய ஸ்கிரிப்ட் இரங்கல் சுவரொட்டி செய்யும். அதற்குள் வேலைகள் ஹேண்ட்லர்கள் எனும் தனித்தனி நிரல் துண்டுகளாகப் பிரிந்திருக்கும்: ஒன்று படத்தைப் பொருத்தும், ஒன்று பெயரை எழுதும், ஒன்று அச்சுக்கு அனுப்பும். உள்ளே நுழைய இரண்டு வழிகள். படத்தை இழுத்து ஐகான்மேல் போட்டால் அந்தப் படம். வெறுமனே டபுள் கிளிக் செய்தால், அவள் சோதனைக்கு வைத்திருந்த படம்.

சோதனை வழி அச்சுக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வழிகளையும் அச்சுக்கு அனுப்பும் அதே கடைசி ஹேண்ட்லரில் கொண்டுபோய் விட்டிருந்தாள்.

சோதனைப் படம் அவள் அம்மா, மாமே எகுவா. உயிரோடிருப்பவர்.

3
"சிஸ்டர், செத்துப்போன தக்காளிக்கார அம்மா போஸ்டர் முடிஞ்சுது" என்றான் அச்சு ஓட்டும் எபோ. "ஒட்டுறவங்க சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"போட்டோ இன்னும் என் மெயில்லயே கிடக்கு. நீ எதப் போட்ட?" என்றாள் அராபா.

"ஐகானக் கிளிக் பண்ணேன், வந்துச்சு. சிரிச்ச முகம்."

"இழுத்துப் போடணும்னு சொன்னேன்ல? கிளிக்கா பண்ண?"

"பின்ன, மடில வச்சுக் கொஞ்சவா செய்வாங்க?"

அவள் கழிவுத் தாளைப் புரட்டினாள். 'இறைவன் அழைத்துக்கொண்டார்' என்ற எழுத்தின் கீழே அம்மா சிரித்தார்.

"எங்கடா ஒட்டுறாங்க?"

"மார்க்கெட் சர்க்கிள்ல. செத்தவங்க கடை போட்ட இடத்துலதான ஒட்டுவாங்க?"

"எங்கம்மா அங்கதான்டா மீன் விக்கிறா!"

உயிருள்ளவர் படம் அந்த எழுத்தின் கீழே வந்தால் சாவுக்கு ஆள் காட்டியதாகிவிடும் என்பது மாமே எகுவாவின் உறுதியான நம்பிக்கை. போன மாதம்தான் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார்.

(போன் செய்யலாமே என்பீர்கள். செய்தாள். மீன் எண்ணெய்க் கையோடு யார் எடுப்பார்கள்?)

அராபா ஓடினாள். நான் பின்னால்.

4
முதல் முடிவு: மழை வந்து பசையெல்லாம் கரைந்து

(மழை என் வசதிக்காக வருகிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: மாமே எகுவா தன் படத்தைப் பார்த்து, "யாருடி இவ, என்னவிட அழகா இருக்கா?" என்று சிரித்தார்.

(அப்படிச் சிரிப்பவராக அவரை மாற்றினால் அராபாவின் ஓட்டம் பொய்யாகிவிடும்.)

5
எழுத முடிந்தது இவ்வளவுதான். பக்கத்துக் கடைக்காரிகள் மணிக்கட்டில் துக்கத்துக்கான சிவப்புத் துணி கட்டத் தொடங்கிவிட்டார்கள். "மாமே, இங்க வாயேன், இது நீதானே?" என்கிறாள் ஒருத்தி. மாமே எகுவா சுவருக்கு முன்னால் நிற்கிறார். எங்களுக்கு முதுகு மட்டும் தெரிகிறது. கையை உயர்த்துகிறார். கிழிக்கவா, நெஞ்சைப் பிடிக்கவா, தெரியவில்லை.

அராபா நின்றுவிட்டாள். கூப்பிட்டால் அம்மா திரும்புவார். அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அதை எழுத எனக்கும் இல்லை.

நீங்கள் கூப்பிடுங்கள்.