செருமல்

"மாமா, அங்க வந்து நம்ம வீட்டுப் பெருமையை அவுத்து விட்டுடாதீங்க. அத்தைக்கு எது வராதோ அதை மட்டும் சொல்லுங்க." மருமகள் வண்டியிலேயே சொல்லிவிட்டாள்.

என் தங்கைக்கு நாற்பத்தாறு வயது. உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். எந்நேரமும் ஆள் துணையிருக்கும் இல்லம் ஒன்றில் ஓர் இடம் காலியாக இருந்தது. அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய முடியாதவர்களுக்கு மட்டும்தான் அது கிடைக்கும். யாருக்கு எவ்வளவு முடியும் என்று அளந்து சொல்ல அங்கே ஓர் உளவியலாளர். என் மகள் வயதிருக்கும்.

"அவங்களாவே பல் தேய்ப்பாங்களா ஐயா?"

"தேய்ப்பா."

"துணி மாத்திக்குவாங்களா?"

"எங்க வீட்ல யாரும் கசங்கின துணியோட வெளிய வந்ததில்லம்மா."

"யாராவது சொல்லணுமா?"

"நான் வாயே திறக்கிறதில்ல."

மருமகள் உச்சுக்கொட்டினாள்.

நான் சொன்னது பொய்யில்லை. வாய் திறக்க மாட்டேன்; செருமுவேன். ஒரு செருமலுக்குப் பிரஷ்ஷை எடுப்பாள், இன்னொன்றுக்கு வாய் கொப்பளிப்பாள். வெளியாள் எதிரில் அவளை ஏவக் கூடாதென்று எங்கள் அம்மா ஏற்படுத்திய பழக்கம். அம்மாவுக்குப் பிறகு அது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

"அப்ப அந்த இல்லம் இவங்களுக்குத் தேவைப்படாதே ஐயா. வாரத்துக்கு ஒருதரம் யாராவது வந்து எட்டிப் பாத்தாப் போதும்."

"மேடம், என்கிட்ட விட்டுட்டுப் போனா அத்தை வச்ச இடத்துல வச்சபடி இருப்பாங்க. மாமா இருந்தாத்தான் எல்லாம்" என்றாள் மருமகள்.

"மாமா இருந்தா செய்யறாங்கன்னா, செய்யத் தெரியுதுன்னுதானேம்மா அர்த்தம்? சரி, கொஞ்ச நேரம் யாரும் பேச வேணாம். பாப்போம்."

ஏசிக் குளிரில் தங்கைக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த கைக்குட்டை மடியிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன்.

நீர் மேலுதட்டுக்கு வந்தது. கை எழவில்லை. கோப்பு கொண்டுவந்த ஊழியர் அவள் முகத்தைக் கண்டு சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இடம் கிடைத்துவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நீர் உதட்டைத் தாண்டி முகவாய்க்கு இறங்கியது.

செருமினேன்.

தங்கை சுத்தமாகத் துடைத்து, கைக்குட்டையை நாலாக மடித்து வைத்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, உளவியலாளர் மருமகளைப் பார்த்தார். "பாருங்க, யாரும் சொல்லலியே." பேனா நகர்ந்தது.

இனி மறைத்துப் பயனில்லை. உள்ளதைச் சொல்லிவிட நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிச் சரிசெய்தேன்.

தங்கை எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கதவருகே போய் நின்றாள்.

"கிளம்பற நேரம்கூட அவங்களுக்கே தெரியுது ஐயா. நல்லா வளத்திருக்கீங்க" என்றார் உளவியலாளர்.