மாப்பிள்ளை கொண்டுவந்த சாராயம்

துக்க வீட்டுக்கு மாப்பிள்ளை ஒகுது ஒரு கேன் சாங்கா சாராயம் கொண்டுவந்திருந்தான். மூடியைத் திறந்ததும் அவன் கொழுந்தியாள் அவோர் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காலையில் அண்ணன் ஒதேராவின் உடலைப் பிணவறையிலிருந்து எடுத்தபோது அடித்த அதே வாடை.

ஒகுதுவுக்கு அந்தப் பிணவறையில்தான் வேலை.

ஒரு கோப்பை மொண்டுகொண்டு அடுக்களை இருட்டுக்குள் போனாள். கிசுமு நகர ஆய்வகத்தில் அவள் தயாரித்த சோதனை மருந்து கைப்பையில் இருந்தது. ஃபார்மலின் பட்டால் அது ஒளிரும். கண்ணாடிக் குழாயில் சாராயத்தை ஊற்றி, மருந்தைச் சொட்டவிட்டு, ஊதா விளக்கைக் காட்டினாள். பாசிக் குட்டை போலப் பச்சையாக எரிந்தது. ஃபார்மலின்தான், பிணம் அழுகாமலிருக்க ஊற்றுவது.

தகரக் கொட்டகையில் அப்பாவின் கோப்பை நிரம்பியிருந்தது. அவர் குடித்த பிறகுதான் மற்ற ஆண்கள் குடிப்பார்கள்.

“அப்பா, குடிக்காதீங்க. பொணத்துக்கு ஊத்துறதைக் கலந்திருக்கு.”

குழாயை நீட்டினாள். பகல் வெளிச்சத்தில் அது வெறும் தண்ணீராகத் தெரிந்தது.

“கொழுந்தியா படிச்சவ,” என்றான் ஒகுது. “தண்ணியை வச்சுப் பூச்சாண்டி காட்டுறா.”

ஆண்கள் சிரித்தார்கள்.

“சாவு வீட்ல மாப்பிள்ளைய அவமானப்படுத்தாதடி,” என்றார் அப்பா.

“கொண்டுவந்தவங்க முதல்ல குடிச்சுக் காட்டுறதுதானே நம்ம வழக்கம். அத்தான் குடிக்கட்டும்.”

துக்க வீட்டில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஒகுது அப்பாவின் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் வாயில் கவிழ்த்தான். உதட்டைத் துடைத்துக்கொண்டு இரு கைகளையும் விரித்தான். ஆண்கள் தங்கள் கோப்பைகளை எடுத்தார்கள்.

அவன் தொண்டை அசையவில்லை.

“அத்தான், எங்கண்ணன் பேரைச் சொல்லுங்க.”

மறுப்பாகத் தலையாட்டினான்.

“செத்தவன் பேருதான். ஒரு தடவை.”

கன்னங்கள் உப்பியிருந்தன. கண்ணில் நீர் கட்டியது. எழுந்து ஓடப் பார்த்தான். அதற்குள் விரலிடுக்கில் பீறிட்டு, எச்சிலோடு சட்டையில் வழிந்தது. வாடை கொட்டகை முழுக்கப் பரவியது.

“கொஞ்சந்தான் மாமா,” என்றான் இருமிக்கொண்டே. “மப்பு ஏறணும்னு. எல்லாரும் போடுறதுதான்.”

அப்பா கேனைக் காலால் தள்ளிச் சாய்த்தார்.

“எம் பையனுக்கு ஊத்துனதாடா?”

“இல்ல மாமா. அதுல மிஞ்சினது.”

அப்பா கோப்பை பிடித்திருந்த உள்ளங்கையை முகர்ந்தார். மண்ணில் தேய்த்தார். மறுபடி முகர்ந்தார்.