இரண்டு பெயர் வீடு

ராமலிங்கம் செல்போனை நீட்டியபோது கதிர்வேல் கையில் டீ கிளாஸ் இருந்தது. கண்ணாடி கொண்டு வராததால் போனை முழங்கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நீல மேகம், பலூன், நடுவில் ஒரு தொட்டில். கீழே தங்க நிறத்தில் என்னவோ எழுதியிருந்தது.

"இன்னாபா, பேரன் பேரு யுவன் வீரபாகுவாமே? உம்புள்ள அனுப்பியிருக்கிறான் பாரு. நாளைக்குக் காலைல பேர் வைக்கிறீங்கன்னு போட்டிருக்குது," என்றார் ராமலிங்கம். பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர். ஒளிவுமறைவு இல்லாத மனிதர் என்பதால் பிள்ளையார்பாளையத்தின் அந்த டீக்கடை வாசலில் நின்ற அத்தனை நெசவாளிகளுக்கும் கேட்கும்படியாகத்தான் படித்தார்.

கதிர்வேல் ஏற்கெனவே தெரிந்த விஷயம்போலத் தலையை ஆட்டி வைத்தார். அவருக்குத் தெரியாது. பேரனுக்கு நாளைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்பது தெரியும். என்ன பெயர் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவர் பெயர்தான்.

அந்த வீட்டில் தலைச்சன் ஆண்பிள்ளைக்கு இரண்டே பெயர்தான். ஒரு தலைமுறைக்கு வீரபாகு, அடுத்த தலைமுறைக்குக் கதிர்வேல். முதல் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது தெருவில் எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம்தான் என்றாலும், மற்ற வீடுகளில் நடுநடுவே சோதிடர் சொன்னார், நட்சத்திரம் ஒத்துவரவில்லை என்று அறுந்துபோயிருந்தது. இவர்கள் வீட்டில் அறுந்ததே இல்லை. திதி கொடுக்கப் போனால் ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார். மற்றவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள், குளக்கரையிலிருந்தே அத்தைக்குப் போன் போடுவார்கள். கதிர்வேல் மட்டும் மார்பை நிமிர்த்திக்கொண்டு, அப்பா வீரபாகு, தாத்தா கதிர்வேல், கொள்ளுத்தாத்தா வீரபாகு என்பார். இன்னும் மேலே கேட்டாலும் சொல்லத் தயாராக நிற்பார், ஐயர் கேட்கமாட்டார். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து, அதோடு சரி. தெருவில் நான்கு கதிர்வேல் இருந்தாலும் வீரபாகு மகன் கதிர்வேல் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. பெரியவர் இருந்தவரை அது வீரபாகு வீடு. அவர் போன மறு வருடத்திலிருந்து கதிர்வேல் வீடு.

மகன் பிறந்தபோது கதிர்வேலுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பாலாஜி என்று வைக்க ஆசைப்பட்டார். அப்போது அது நாகரிகமான பெயர். அப்பாவிடம் மெதுவாக வாய்விட்டுச் சொன்னார். பெரியவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று ராத்திரியும் சாப்பிடவில்லை. மறுநாள் மகன் வீரபாகு ஆனான். போகட்டும், நமக்கும் ஒருநாள் முறை வரும் என்று கதிர்வேல் மனதைத் தேற்றிக்கொண்டார். முப்பது வருடம் ஒழுங்காகச் சீட்டுக் கட்டிவிட்டு, தன் முறை வருகிற மாதம் பார்த்து சீட்டுக்காரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனதுபோல இருந்தது இப்போது. டீயைக் குடிக்காமலேயே கிளாஸை வைத்துவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி மங்கையர்க்கரசி தறியில் உட்கார்ந்திருந்தாள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் இரண்டையும் இழைக்கு இழை பிணைத்துக் கோர்வை போட்டுத்தான் நெய்ய முடியும். அதற்கு நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளவேண்டும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த ஆள் அவள்தான். ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்து அவர்கள் நெய்த புடவைகளுக்குக் கணக்கில்லை. பேச்சும் அதிகம் தேவைப்பட்டதில்லை. கூப்பிடவேண்டுமென்றால் "இன்னாங்க" என்பாள். அவர் தெருமுனையில் நின்றால் ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். மற்றபடி புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, அந்தத் தெருவில் அவள் வயதுப் பெண்கள் யாருமே சொன்னதில்லை. எங்கேயாவது வரிசையில் நிற்கும்போது கேட்டால், முன்னால சூரியன் வரும், பின்னால முருகன் கையில வச்சிருப்பாரு என்று விடுகதை போடுவாள். இவளோடு எனக்கு எந்த ஆபீஸுக்குப் போனாலும் அரை மணி நேரம் கூட ஆகும் என்று கதிர்வேல் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். குறை சொல்வதுபோலச் சொன்னாலும் அவருக்கு அதில் பெருமைதான்.

தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். நாலு இழை ஓட்டினார். கோர்வை தப்பியது. பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார், மறுபடியும் தப்பியது.

"இன்னாங்க, கவனம் எங்க இருக்குது?" என்றாள்.

அவர் பதில் சொல்வதற்குள் மகன் வீரபாகு பழத்தட்டுகளும் பூப்பையுமாக உள்ளே வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெயர் வைக்கும் விசேஷத்துக்காக லீவு போட்டிருந்தான். அவன் மனைவி சந்தியா பிரசவத்துக்குப் போன திருப்புட்குழியிலிருந்து குழந்தையோடு முந்தின நாள்தான் வந்திருந்தாள். இருவரும் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யார் கேட்டுடா பேர் வச்ச?" என்றார் கதிர்வேல். நாடாவைக் கீழே வைக்கவில்லை.

வீரபாகு பையை மெல்ல இறக்கினான். "சொல்லணும்னுதாம்பா இருந்தோம்."

"ஊருக்கெல்லாம் அனுப்பிட்டு எனக்குச் சொல்லப் போறியா? டீக்கடைல அந்த ராமலிங்கம் படிச்சுக் காட்டறான். ஈன்னு இளிச்சுக்கினு வரேன் நானு."

"அப்பா, கத்தாதப்பா, கொழந்த தூங்குது. இப்பல்லாம் எங்க போனாலும் பேருக்குப் பின்னாடி ஒரு பேரு கேக்கறாங்க. இனிஷியல்லாம் செல்லாது. எனக்கே அதனால எவ்ளோ தொல்ல தெரியுமா? தலமுறைக்கு ஒண்ணு மாத்திக்கினு இருந்தா ஒத்து வராது. அதான் வீரபாகுன்னு ஃபிக்ஸ் பண்ணிட்டோம். இனிமே நம்ம ஃபேமிலிக்கே அதான். யுவனுக்குப் பையன் பொறந்தாலும் பின்னாடி வீரபாகுதான்."

கதிர்வேலுக்குச் சட்டென்று விளங்கவில்லை. மெல்லத்தான் விளங்கியது. இத்தனை தலைமுறையாக மாறி மாறி வந்த பெயர் இந்த விநாடியில் நிற்கப்போகிறது, கடைசியாக வந்த பெயர் எதுவோ அது நிலைத்துவிடப் போகிறது. அவர் அப்பா இருப்பார். அவர் மகன் இருப்பான். இன்னும் நூறு வருடம் கழித்து எங்கோ குளிர்தேசத்தில் பிறக்கிற பிள்ளைக்கும் பின்னால் வீரபாகு ஒட்டிக்கொண்டு போவார். நடுவில் கதிர்வேல் என்று ஒருவன் இருந்தான், தறி நெய்தான் என்பதற்கு ஓரெழுத்துகூட மிஞ்சாது.

"அப்ப நானு?" என்றார். சின்னப் பிள்ளை பந்தியில் இலை கிடைக்காமல் கேட்பதுபோல வந்துவிட்டது குரல். அது அவருக்கே எரிச்சலைக் கிளப்ப, சத்தத்தை உயர்த்தினார். "பின்னாடி எதையோ வச்சுக்க. முன்னாடி கதிர்வேல்னு வச்சா இன்னாடா கொறஞ்சிடும் உங்களுக்கு?"

வீரபாகு வாயைத் திறந்தான், அம்மாவைப் பார்த்தான், மூடிக்கொண்டான். வாசலில் பந்தல்காரர் கூப்பிடவே, தப்பித்தால் போதும் என்று வெளியே போனான்.

"எல்லாம் அந்தப் பொண்ணு வேல," என்றார் கதிர்வேல் பல்லைக் கடித்துக்கொண்டு. "படிச்ச திமிரு. மாமனாருன்னு ஒருத்தன் இருக்கானேன்னு கொஞ்சமாச்சும் மதிப்பு இருக்குதா?"

"சந்தியாவ ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் மங்கையர்க்கரசி. கரை நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, நூலைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ கதிர்னு வைக்கலாம்னுதான் சொன்னா. ஸ்டைலா இருக்குதாம். நான்தான் வேணாம்னேன்."

தன் காதில் விழுந்தது சரிதானா என்று கதிர்வேல் திரும்பிப் பார்த்தார். இவளா? சாம்பாரில் உப்புப் போடுவதற்குக்கூட மாமியாரைக் கேட்டவள் இவள்.

"நீயா?"

"நான்தான். உங்களாண்ட சொல்லவும் வேணாம்னேன். சொன்னா உங்கப்பா மாரி சாப்பிடாம படுத்துக்குவீங்க."

"இன்னா பண்ணேன் நான் உனக்கு?"

"நீங்க ஒண்ணும் பண்ணல," என்றாள். வெளியே பந்தல் கம்பிகளை இறக்கும் சத்தம் கேட்டது. "தம்பி சின்னப்புள்ளையா இருந்தப்ப கருட சேவைல தொலஞ்சு போனானே, ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இல்லாமலா? பெருமாள் கோயில் கூட்டத்தில் மகன் காணாமல் போனதும், இவள் பெயரைச் சொல்லாமலேயே பிள்ளையைத் தேடியதும் அந்த வீட்டில் பிரசித்தமான கதை. கதிர்வேல் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை. கேட்டவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள்.

"நீங்களும் உங்கப்பாவும் தேரடிப் பக்கம் தேடிக்கினு போயிட்டீங்க. நான் ஒருத்தியா நிக்கிறேன். தம்பி, தம்பின்னு கத்தறேன், பாதி ஊரு திரும்பிப் பாக்குது. எங்க போய்த் தேடுவேன்? மைக் வச்சிருந்தவரு, பேரு சொல்லும்மா, கூப்பிடறேன்றாரு. மாமனார் பேரு ஆச்சே. அவரு அங்க இல்ல. நீங்களும் இல்ல. தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல. அப்பவும் எனக்கு வாய் வரலங்க. பெத்தவளுக்குப் புள்ள பேரு தெரியாதான்னு அவரு திட்டறாரு. வாயத் தொறந்துக்கினு நிக்கிறேன். ஒரு பூக்காரம்மா கொண்டாந்து விடலைன்னா..." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சுக்கினுதான் இருந்தேன்."

கதிர்வேல் கோர்வை தப்பிய இழையை விரலால் நெருடிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு வரைக்கும் அவன் பேரச் சொல்லி நான் கூப்பிட்டது இல்ல. உங்க பேரும் இல்ல. இப்ப இதுக்கும் உங்க பேரு வச்சா நான் இன்னான்னு கூப்பிடறது? திரும்பவும் தம்பி, ராசான்னு ஊர்ல இருக்கிறவன் பேரெல்லாமா? இந்த வூட்ல ஒரு ஆம்பளப் புள்ளயயாச்சும் நான் வாய்நெறைய பேர் சொல்லிக் கூப்பிடணும். அவ்ளோதான்."

நியாயம் என்று அவருக்கு எங்கோ பட்டது. பட்டதாலேயே கோபம் இன்னும் ஏறியது. முப்பது வருடம் காத்திருந்ததற்கு இவ்வளவு அல்பமான காரணத்தால் இல்லையென்று ஆவதா? யார் இவளைச் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்தார்கள்?

"நான் தடுத்தனா?" என்றார். "எங்கப்பாவும் போயாச்சு, எங்கம்மாவும் போயாச்சு. யாரு இருக்கிறாங்க உன்ன கேக்கறதுக்கு? சொல்லேன். அவன் பேர விடு, என் பேரச் சொல்லு. இப்ப சொல்லு, இங்க யாரு இருக்கிறாங்க?"

"இன்னாங்க இது, வெளாட்டு..."

"வெளாட்டு இல்ல. சொல்லு. நீ சொல்லிட்டீன்னா அப்புறம் இன்னா தடை? பேரனுக்கும் வைக்கலாம் இல்ல? சொல்லு பாக்கலாம்."

மடக்கிவிட்டதாகத்தான் நினைத்தார். அவள் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார். போகவில்லை. மடியிலிருந்த நாடாவை எடுத்துப் பாவு நூலின் மேல் வைத்தாள். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி முயன்றாள். "க" என்று காற்றுபோல ஒன்று வந்து நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது, காது மடல் சிவந்தது. உதடு அந்தப் பெயருக்காகக் குவிந்து, விரிந்து, மறுபடி குவிந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த முகத்தை அவர் இப்படிப் பார்த்ததில்லை. ஜெயிக்கவேண்டும் என்று கேட்டது எப்போது மறந்துபோனது என்று தெரியவில்லை, அவர் பலகையில் முன்னால் நகர்ந்து வந்திருந்தார். அந்தப் பெயரை ஊரே சொல்லிக் கேட்டிருக்கிறார். இவள் குரலில் அது எப்படி இருக்கும்? அது தனக்குத் தெரியாது என்பதே இப்போதுதான் தெரிந்தது.

"மெதுவா," என்றார். "மெதுவா சொல்லு."

"கதி..." என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. தலையை இல்லையென்று ஆட்டினாள். "வரமாட்டேங்குதுங்க."

உள்ளறையில் குழந்தை சிணுங்கி, வீறிட்டது.

"யுவா! டேய் யுவா, தோ வந்துட்டன்டா," என்று ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு அவள் தறியிலிருந்து எழுந்து ஓடினாள். குரல் அடைக்கவில்லை, தயங்கவில்லை. உள்ளே போயும் நிறுத்தவில்லை. யுவா, யுவாக்கண்ணு, யார்ரா அடிச்சா எங்க யுவன என்று அந்தப் பெயரை விதவிதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தியா தூக்கக் கலக்கத்தில் ஏதோ கேட்டாள், இருவரும் சிரித்தார்கள்.

கதிர்வேல் நாடாவைக் கையில் எடுத்தார். ஒரு இழை ஓட்டலாம் என்று மிதியில் காலை வைத்தார். உள்ளே குழந்தை அழுகை அடங்கி, அவள் குரலும் தணிந்து, என்னவோ முணுமுணுப்பாகக் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். ஒருவேளை அவள் அவர் பெயரை மறுபடி முயன்று பார்த்தால் தறிச் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமே என்று மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.