ஆடி மாதப் பந்தி

தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது. மார்பில் கட்டி வந்து கீமோ ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து இது இன்னும் மோசம். டாக்டரோ கண்டிப்பானவர். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும், பருப்பு, தயிர் என்று வயிறாரச் சாப்பிட வேண்டும், எடை நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார்.

நான் மீனலோசனி. ரயில்வே அலுவலகத்தில் முப்பது வருடம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அந்த வருடம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் என்னை விட அதிகக் கல்யாணங்களுக்குப் போனவர் யாரும் இருந்திருக்க முடியாது.

முகூர்த்த நாட்களில் பட்டுச் சேலை, பொய்முடி சகிதம்தான் நடக்கக் கிளம்புவேன். மேளம் கேட்கும் மண்டபத்துக்குள் நுழைந்து பந்தியில் உட்காருவேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று. பக்கத்தில் ஒருவர் அப்பளத்தை நொறுக்க, எதிரே ஒருவர் ரசம் கேட்க, என் கை தானாக வாய்க்குப் போகும். மொய் மட்டும் தவறாமல் வைத்துவிடுவேன். ஓசிச் சோறு தின்ன என் யாழ்ப்பாணத்து அப்பா வளர்க்கவில்லை.

பிறகு ஆடி பிறந்தது. ஆடியில் எந்தத் தமிழன் கல்யாணம் வைப்பான்? மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். நாற்பத்தொன்றரை.

"இன்னிக்கு ஊசி இல்ல ஆன்டி. அடுத்த வாரம் வாங்க, அதுக்குள்ள நல்லா சாப்பிடணும்லா. வீட்டுல கூட யாரு இருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"எல்லாரும் இருக்கினம்," என்றேன். பஸ்ஸில் அழுகை வந்துவிட்டது. ஊசி நின்றால் செத்துப்போவேன் என்று பயமாக இருந்தது.

மறுநாள் நடக்கும்போது ஒரு சந்தில் பந்தல் தெரிந்தது. மாலை போட்ட படம், கீழே நல்லம்மாள் என்று பெயர். கருமாதி. நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்பார்கள். போனேன். ஐம்பது பேருக்குச் சமைத்திருந்தார்கள், உட்கார்ந்திருந்தது ஆறு பேர். திரும்பிவிடலாம் என்று நினைப்பதற்குள் என் முன்னால் இலை விழுந்துவிட்டது.

மொட்டையடித்த மகன் சோற்று வாளியோடு வந்தான்.

"நான் வாசு ஆன்டி. ஷா ஆலம் ஃபேக்டரியில வேலை, மாசத்துக்கு ஒருவாட்டிதான் வருவேன். இவ்ளோ சமைச்சும் யாரும் வரல, அம்மாவுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாதுன்னு நெனச்சேன். சொந்தக்காரங்கள விட்டா நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க." என் இலையில் சோற்றை வைத்தான். "அம்மாவோட எப்படிப் பழக்கம்?"

படத்தைப் பார்த்தேன். இந்த மனுஷி எத்தனை நாள் தட்டும் கையுமாகத் தனியே உட்கார்ந்திருந்தாளோ. என் கருமாதிக்கு ஆறு இலைகூட விழாது.

"நானும் அம்மாவும் மத்தியானத்தில ஒண்டாத்தான் சாப்பிடுவம்," என்றேன்.

அவன் அழுதுகொண்டே இன்னொரு கரண்டி சோறு வைத்தான். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.