லேஷின் வேனில் ஒரு மூச்சு

“உன் வீட்டுக்காரர் தூங்கறப்போ மூச்சு எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா, தங்கச்சி?” என்று மெக்கானிக் பாஷ்க் மிரிகாவிடம் கேட்டபோது, அவள் கொழுந்தன் லேஷின் டீசல் வேன் முந்தின நாளிலிருந்தே எஞ்சின் அணைந்து நின்றிருந்தது. ஆனாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் நிற்கும் கூலன்ட் டப்பாவில் குமிழிகள் வந்தபடி இருந்தன. மிரிகா தலைத்துண்டை ஒதுக்கிவிட்டு டப்பாவருகே காதை வைத்தாள். “நீளமா இழுப்பார். நடுவுல அப்படியே நின்னுடும். நான் முழங்கையால ஒரு இடி இடிப்பேன், திரும்ப வரும்,” என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் குமிழிகள் நின்றுபோயின. “அப்போ இடி,” என்றார் பாஷ்க். அவள் டப்பாவின் பக்கவாட்டில் முழங்கையால் இடித்தாள். பெரிய குமிழி ஒன்று மேலே வந்து உடைந்தது. பின்னால் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. பாஷ்க் பானெட்டை மூடிவிட்டு அவளுக்கும் லேஷுக்கும் தனக்கும் காபி சொன்னார்.

அதற்கு முன் அவர் தன் தொழிலில் செய்ய வேண்டியது எதையும் விட்டுவைக்கவில்லை. வேன் மலைப்பாதையில் கொதித்துக் கொதித்துத் தண்ணீர் குடித்தது. தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தார், திறந்தது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல எதுவும் படியவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. டப்பாவின் வாயில் நீல மருந்துக் குழாயைப் பொருத்தினார். சிலிண்டரின் புகை தண்ணீரில் கலந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாற வேண்டும். அது நீலமாகவே இருந்தது. அதாவது குமிழியில் இருந்தது வெறும் காற்று. கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்கினார். அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகடு எங்கும் தீய்ந்திருக்கவில்லை. இரும்பு மட்டப்பலகையை வைத்துப் பார்த்தபோது ஹெட் எங்கும் வளைந்திருக்கவில்லை. துளைகளை அடைத்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தார், விரிசலும் இல்லை. புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை வரிசைப்படி முறுக்கி, ஊரிலிருந்து வாங்கிய பச்சை கூலன்ட்டை ஊற்றினார். மறுநாள் காலையில் வேன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

காபி குடிக்கும்போது பாஷ்க் லேஷிடம் கேட்டார்: “வழியில எங்கடா தண்ணி ஊத்துற?”

“வேற எங்க? எங்கண்ணன் ஊத்துலதான்.”

அணை ஏரிக்கு மேலே, மலைப்பாதையின் இரண்டாம் வளைவில் இருக்கிறது அந்த ஊற்று. பல வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபரில் மிரிகாவின் கணவன் டோடே அந்த வளைவிலிருந்து தன் வேனோடு ஏரியில் விழுந்தான். வேனை மேலே இழுத்தபோது கதவுகளும் கண்ணாடிகளும் மூடியிருந்தன. உள்ளே டோடே இல்லை. உடல் கிடைக்காததால் அவன் தாய் திரானே, துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சாவுக் காபியை வீட்டில் ஊற்றவிடவில்லை. அதற்குப் பதிலாக வளைவில் பாறையிலிருந்து ஒரு குழாய் இறக்கி, கல்தொட்டி கட்டி, அவன் பெயரைப் பொறித்தார்கள். அந்த மலையில் யார் பெயரிலான ஊற்றில் குடித்தாலும் அவருக்கு ஒரு சொல் சொல்லாமல் நகரக் கூடாது. உயிரோடு இருப்பவர் என்றால் நல்லா வாழணும் என்பார்கள். இறந்தவர் என்றால் ஆத்துமா இளைப்பாறட்டும் என்பார்கள். இறந்தவர் பெயருக்குக் கீழே தேதி இருக்கும். திரானே தேதி வெட்ட விடவில்லை. ஆகவே ஆடு மேய்ப்பவர்கள், கல்யாணக் கூட்டங்கள், பாதிரியார் உட்பட எல்லோரும் அங்கே குடித்துவிட்டு, “டோடே, நல்லா வாழணும்ப்பா,” என்று சொல்லிப் போனார்கள். லேஷும் ஒவ்வொரு பயணத்திலும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கும்போது அதையே சொன்னான்.

பாஷ்க் கையைத் துணியில் துடைத்தார். “இத்தனை வருஷமா மலையே சேர்ந்து அவனை வாழச் சொல்லுது. அவன் என்ன பண்ணுவான், பாவம்? நான் மாத்தறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. ஆனா ஒண்ணு, இந்த ஹெட் ரொம்ப நாளைக்கு இப்படிக் கொதிக்கத் தாங்காது.”

அந்தக் குளிர்காலத்தில் மிரிகாவின் முகத்தில் நிறம் ஏறியது. மாலையில் வேன் முற்றத்துக்கு வந்ததும் அவள் முன்சீட்டில் உட்கார்ந்து கம்பளி பின்னினாள். மூச்சு நின்றால் டாஷ்போர்டை முழங்கையால் இடித்தாள். பிறகு தலையணையையும் அங்கே கொண்டுபோனாள். “மிரிகா வேனோட குடித்தனம் நடத்துறா, அடுத்த வருஷம் ஒரு சின்ன வேன் பிறக்கும்,” என்று காபிக்கடையில் சிரித்தார்கள். அவளுக்கு அது எட்டியது, அவளும் சிரித்தாள். திரானே மட்டும் தினமும் ஒரு துண்டு சோளரொட்டியை பானெட்டின் மேல் வைத்தாள். காலையில் ரொட்டி ஊறிப்போய்க் கிடக்கும். குளிர்காலப் பனி என்று நினைத்தார்கள், சிலர் அப்படி நினைக்கவில்லை.

எஞ்சின் ஓடும்போது மிரிகா அந்த வேனில் ஏறியதே இல்லை. டோடே விழுந்த பிறகு அவள் அந்தப் பாதையில் போவதில்லை. பாஷ்க் கூப்பிட்ட அன்றுகூடக் கழுதைப் பாதையில்தான் இறங்கினாள். பனி உருகும் பருவத்தில் திரானேயைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், அன்று மாமியாரும் மருமகளும் முன்சீட்டில் ஏறினார்கள். பின்னால் சந்தைக்குப் போகிறவர்கள் கோழிகளோடு நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வளைவு தாண்டியதும் வெப்பமுள் மேலே ஏறியது. குமிழிச் சத்தம் வேகமானது. இரண்டாம் வளைவில் முள் சிவப்பைத் தொட்டபோது டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வந்தது மூச்சு அல்ல; தண்ணீருக்குள் மூடிய கண்ணாடியை அடித்துக்கொண்டு ஒருவன் திணறும் சத்தம். பின்சீட்டில் இருந்தவர்கள் பழகிப்போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“தினமும் இப்படியா?” என்றாள் மிரிகா.

“தினமும்தான், அண்ணி. போறப்போ ஒரு தடவை, வர்றப்போ ஒரு தடவை.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“எத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் சிரிக்கிறீங்க? எப்படிச் சொல்றது?”

அவள் நிறுத்தச் சொன்னாள். எஞ்சினை அணைக்க வேண்டாம் என்றாள். எல்லோரும் இறங்கினார்கள். மிரிகா தொட்டியருகே போய் இரு கையிலும் தண்ணீர் ஏந்தினாள். அது பாதி சிந்தும்வரை அப்படியே நின்றாள். பிறகு குடித்துவிட்டு, பெயரைப் பார்த்து, “டோடே, உன் ஆத்துமா இளைப்பாறட்டும்,” என்றாள். லேஷ் குடித்தான், சொன்னான். கோழிக்காரர் குடித்தார், சொன்னார். ஒவ்வொருவரும் சொல்லும்போது வேன் கண்ணாடி வழியே தெரிந்த முள் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சிவப்பை விட்டு வெளியே வரவில்லை. ஒருத்தி மிச்சமிருந்தாள்.

“நீ சொல்லிட்ட,” என்றாள் திரானே. “நாளைக்கே உனக்கு இன்னொரு புருஷன் கிடைப்பான். எனக்கு இன்னொரு டோடே கிடைப்பானா?”

“கிடைக்க மாட்டார், அத்தை. ஆனா அந்தச் சத்தத்தைக் கேளுங்க.”

திரானே கேட்டாள். அவளுக்குக் கண்தான் மங்கியிருந்தது, காது அல்ல. அந்த நேரம் முழுவதும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் குனிந்து, கையால் ஏந்தாமல், குழாயிலேயே வாய் வைத்துக் குடித்தாள். நிமிர்ந்து, தலைத்துண்டின் நுனியால் உதட்டைத் துடைத்து, பிள்ளையைத் தூங்க வைக்கிறவளின் குரலில் அதைச் சொன்னாள்.

முள் நடுவுக்கு வந்து நின்றது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது, டப்பாவில் தண்ணீர் அசையவில்லை. வேனின் பக்கக் கதவு தள்ளித் திறந்தது. இலையுதிர்காலக் கோட்டு போட்ட ஒருவன் நனைந்த ஷூவோடு இறங்கினான். இறங்குகிற எவருக்கும் விடுவதுபோல ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். கோழிக்காரர் கூடையைக் காலால் நகர்த்திக்கொண்டார். திரானே கையை நீட்டி அவன் கோட்டின் காலரைச் சரிசெய்தாள். அவன் மிரிகாவின் அருகில் கொஞ்சம் நின்றான். பிறகு ஏரியை நோக்கிச் சரிவில் இறங்கிப் போனான்.