இரண்டாம் பக்கம்

“நீ பக்கத்துலதானேம்மா இருந்தே? காலையில ஆரம்பிச்ச வலி, சாயங்காலம் வரைக்கும்...”

“வலின்னு அவர் சொல்லவே இல்லடா, நெஞ்சு பாரமா...”

“பாரம்னா? மூட்டையா தூக்கினார்?”

“கத்தாதடா. அவர் எதிர்ல வேண்டாம்.”

மகள் சுவரோரம் உட்கார்ந்து அப்பாவின் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று மாலை ஆறு மணிக்கு மூச்சு நின்றது. ஆம்புலன்ஸ் வந்தபோது ஏழரை. ஊரடங்கில் அனுமதிச் சீட்டு வாங்கி அண்ணன் வந்துசேர இன்று காலை பத்தாகிவிட்டது. அரை மணியில் மயான வண்டி வரும். கூட இரண்டு பேர்தான் போகலாம்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

“சொன்னேன்டா! செருப்பைக்கூட மாட்டிட்டேன். அவர்தான் போனை எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து, ‘கேட்டுட்டேன், இப்ப வர வேண்டாமாம், காஸ் மாத்திரை போதுமாம்’னார்.”

“யாரு சொன்னது?”

“நான் கேக்கலடா.”

“கேக்கல! லிஃப்ட்ல ஒரு கம்பி முனகினா பாதிச் சாப்பாட்டுல எழுந்து ஓடுற மெக்கானிக். அவரே முனகினப்ப நீ மாத்திரை எடுத்துக் குடுத்திருக்கே.”

மகள் வாயைத் திறந்தாள். முகக்கவசத்துக்குள் அது யாருக்கும் தெரியவில்லை. மூடிக்கொண்டாள்.

அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியின் தொலைபேசி மேஜையில். சொந்த போனைப் பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதனால் நேற்று அப்பா மேஜை எண்ணுக்கே கூப்பிட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் ஒரு தாளில் முன்னும் பின்னும் அச்சடித்திருக்கும். முதல் கேள்வியைப் பழக்கத்தில் அவரிடமும் கேட்டாள்.

“பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?”

“பேஷன்ட்டே நான்தாம்மா. பேஷன்ட்டோட பொண்ணு அந்தப் பக்கம்தானே உக்காந்திருக்கா!”

“அப்பா, லைன்ல அஞ்சு பேர் நிக்கறாங்க. காய்ச்சல் இருக்கா? இருமல்?”

“அதெல்லாம் இல்ல. நெஞ்சுலதான், கல்லை வச்ச மாதிரி.”

“காஸாத்தான் இருக்கும். இங்க வந்தா இல்லாத நோயையும் வாங்கிட்டுப் போவீங்க. மாத்திரை போடுங்க, சாயங்காலம் வந்து பாக்கறேன்.”

“நீ சொன்னா சரிதாம்மா.”

நெஞ்சு பாரம், இடது கை, வியர்வை எல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. காய்ச்சல்காரர்களுக்கே நேரம் போதாத இந்த இரண்டு மாதத்தில் அவள் தாளைத் திருப்புவதையே விட்டிருந்தாள். இப்படி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று காலையில் பல் தேய்க்கும்போது எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

“வண்டியில நீ வர வேண்டாம்மா,” என்றான் அண்ணன். “நானும் தங்கச்சியும் போறோம். ஆஸ்பத்திரியில உயிரைக் குடுத்து உழைக்கிறவ அவ. நேத்து அவ வீட்டுல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?”

அம்மா எழுந்தாள்.

“அவளே போகட்டும். எனக்கு அங்க நிக்க என்ன யோக்கியதை இருக்கு?”

வாசலுக்குப் போய், நேற்று மாட்டிய அதே செருப்பை, மகளுக்கு வழி விடுவதுபோல ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்தாள்.

மகள் அதைப் பார்த்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் அவருடைய பட்டன் போன் கிடந்தது. பால்கனியிலிருந்து திரும்பிய பிறகு அதில் யாரும் பேசவில்லை. எடுத்து, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் தரையில் வைத்தாள். அவர் கடைசியாகக் கூப்பிட்ட எண்ணுக்கே போகப் பச்சைப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டாள்.

“யாருக்குடி போடற?” என்றான் அண்ணன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். அவள் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருப்பவளின் குரல்.

“வணக்கம், ஆஸ்பத்திரி தகவல் மேஜை. பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?”